மென்னீர்க் கருவியும் அதைப் பொருத்தும் கையும்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்ணிற ஓடு படிவதை இல்லத்தரசிகள் நன்கறிவர். சுண்ணக்கல்லினூடே ஊறிவரும் நீரிற் கல்சியமும் மகனீசியமும் மிகுந்திருத்தலே அதற்குக் காரணம்; சவர்க்காரம் எளிதில் நுரையாமைக்குங் காரணம் அதுவே. இவ்வன்னீரை மென்னீராக்கும் கருவியை வாங்கலாமா என வினவுவோர் உளர். கருவியை விலை பேசுமுன், அதைப் பொருத்த வருபவர் யார் என்பதை விசாரித்தல் நன்றென்போம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலும் நிலத்தடி நீர் பெரும்பாலும் வன்னீரே. ஆங்கு இக்கருவிகளைப் பொருத்தும் கொந்தராத்துகாரர், முழுமையான நீர்க்குழாய்த் தொழில் அனுமதி பெற்றவராயிராவிடில், இதற்கென்றே மாநிலத் தொழிற்றிணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் பெறல்வேண்டும். தேர்விலே தேறவேண்டும், பிணைமுறி எழுதிக் கொடுக்கவேண்டும், காப்புறுதியுங் காட்டவேண்டும். பல நகரங்களில் ஒவ்வொரு வீட்டு வேலைக்கும் தனி அனுமதியும் உண்டு. ஓர் உப்புத் தொட்டியை வைப்பதற்கு இத்துணை ஆரவாரமா என்று நாமும் முதலில் நகைத்தோம்.

கருவியின் வேலை எளிதே. செயற்கைப் பிசின் மணிகள் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பற்றிக்கொண்டு, அவற்றினிடத்திற் சோடியத்தை நீருக்குக் கொடுக்கின்றன. மணிகள் களைத்ததும் உப்புக்கரைசலாற் கழுவப்படும். அக்கழிவு கானுக்குட் செல்லவேண்டும். வில்லங்கம் இங்கேதான்! கழிவுக்குழாயின் நுனியைக் கானின் வாய்க்குள் இறுகச் செருகிவிட்டால், குழாயில் நீரமுக்கம் திடீரெனக் குறையும் வேளையில் அழுக்கு நீர் பின்னோக்கி உறிஞ்சப்படலாம். அது ஒரு வீட்டோடு நிற்பதுமில்லை. தெருக்குழாய்க்குள் இறங்கினால் அயலவரையும் தொடும்.

1933ஆம் ஆண்டு சிக்காகோ நகரிற் கண்காட்சி நடந்தபோது, இரு விடுதிகளிற் குடிநீரோடு கழிவுநீர் கலந்தமையால் அமீபாச் சீதபேதி பரவி 98 பேர் மாண்டனர். அங்கே குற்றம் மென்னீர்க் கருவியினதன்று. குழாய்களைப் பிழையாக இணைத்த கைகளினது. அத்தகைய கைகளைத் தடுப்பதற்கே தேர்வும் அனுமதியும்.

ஆயினும், அனுமதிப்பத்திரம் குழாய் வேலைக்கே சான்று. விற்பவர் சொல்லும் புகழுரைக்கன்று. இக்கருவி கிருமிகளைக் கொல்லாது. எங்கள் தோட்ட மண்ணிலிருந்து கிணற்றிற் சேரும் நைத்திரேற்றையும் அது நீக்காது. மாறாக, லீற்றரொன்றிலுள்ள 100 மில்லிகிராம் வன்மையை நீக்கும்போது ஏறக்குறைய 46 மில்லிகிராம் சோடியம் நீரிற் சேர்கின்றது. வன்மை 400 ஆயின் சோடியம் 184. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கும் பாட்டியார் வீட்டிலிருந்தால் இது சிறு கணக்கன்று. அடுக்களையிற் குடிப்பதற்கும் சமைப்பதற்குமுள்ள குழாயைக் கருவியோடு சேராது தனியே விடச் சொல்லுங்கள். குளியலுக்கும் சலவைக்கும் மென்னீர் போதும்.

வேலை முடிந்ததும், கூலி கொடுக்குமுன் கழிவுக்குழாயின் நுனியைக் குனிந்து பாருங்கள். கானின் வாய்க்கும் அதற்குமிடையே, குழாயின் விட்டத்தைப்போல் இருமடங்காயினும், ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், வெளி இருக்கவேண்டும்.