மிக்-29கே எப்போது ஓய்வு பெறும்?

கோவாவின் டபோலிமில் உள்ள ஐ.என்.எஸ். ஹன்சா தளத்தில் 2016 மே 11 அன்று சீ ஹாரியர் போர் விமானங்களுக்கு இந்தியக் கடற்படை விடைகொடுத்தது. 1983 டிசம்பரில் அதே ஓடுதளத்தில் வந்திறங்கிய விமானம் அது. அன்றைய விழாவிலேயே 'வெள்ளைப் புலிகள்' எனப்படும் 300-வது விமானப் பிரிவு மிக்-29கே விமானத்துக்கு மாறியது. பழையதும் புதியதும் அடுத்தடுத்துப் பறந்தன, கைதட்டல் எழுந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஒரு ஜெட் விமானத்தைக் கப்பலிலிருந்து ஓட்டிவிட்டோம் என்ற பெருமிதம் அன்று முதல் இன்றுவரை பேச்சிலும் எழுத்திலும் தொடர்கிறது.

அந்தப் பெருமிதத்தில் நமக்கு உடன்பாடில்லை. சீ ஹாரியர் குறைந்தது பத்தாண்டுகளுக்கு முன்பே போயிருக்க வேண்டிய விமானம். அதன் இடத்தில் வைக்க வேறொன்று இல்லாததால்தான் அது நீடித்தது. இதே கதை மிக்-29கே-க்கும் இப்போது எழுதப்பட்டுவருகிறது. அதன் ஓய்வுக் காலத்தையும் அதற்கடுத்து வரப்போகும் விமானத்தையும் அரசு இப்போதே, நாடாளுமன்றத்தில், அறிவிக்க வேண்டும்.

சீ ஹாரியரை வாங்கிய முடிவில் நாம் குறை காண மாட்டோம். அதற்கு முன் 300-வது பிரிவிடம் இருந்தவை பிரிட்டனின் சீ ஹாக் விமானங்கள். 1971 போரில் விக்ராந்த் கப்பலிலிருந்து கிளம்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியவை அவைதான். 1970-களின் இறுதியில் சீ ஹாக் தேய்ந்துவிட்டது. விக்ராந்தோ சிறிய கப்பல். அன்றைய கனமான ஜெட் விமானங்களை அதன் தளம் தாங்காது. பெகாசஸ் எஞ்சினின் நான்கு குழாய்களையும் கீழ்நோக்கித் திருப்பி, அந்தரத்தில் நின்று செங்குத்தாக இறங்கும் சீ ஹாரியர் ஒன்றுதான் அந்தத் தளத்துக்குப் பொருந்தியது. 1979-ல் ஆறு போர் விமானங்களும் இரண்டு பயிற்சி விமானங்களும் கேட்டு ஆணை போனது. மூன்றே ஆண்டில், 1982 ஃபாக்லாந்து போரில், வான் சண்டையில் ஒன்றைக்கூட இழக்காமல் அர்ஜென்டினாவின் சுமார் இருபது விமானங்களை பிரிட்டனின் சீ ஹாரியர்கள் வீழ்த்தின. அந்தப் போரில் பிரிட்டிஷ் படையின் தலைமைக் கப்பலாக இருந்த ஹெர்மீஸ், 1987 மே மாதம் விராட் என்ற பெயரில் நம்மிடமே வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தத் தேர்வு தன்னோடு ஒரு கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது. விமானத்துக்காகக் கப்பல் மாறியது. விக்ராந்தில் விமானங்களை உந்தி எறியும் நீராவிக் கவண் அகற்றப்பட்டு, முன்முனையில் மேல்நோக்கிய சரிவுப் பலகை கட்டப்பட்டது. கவண் போனதும், நீர்மூழ்கிகளைத் தேடிவந்த பிரெஞ்சு அலீஸே விமானங்களுக்குக் கப்பலில் இடமில்லாமல் போனது. அவை கரைக்கு அனுப்பப்பட்டு, 1991-ல் முற்றாக ஓய்வு பெற்றன. தளத்தின் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தில் வால் கொக்கியை மாட்டி இறங்கும் திறமையும் அத்தோடு கைவிட்டுப்போனது. சுமார் கால் நூற்றாண்டு கழித்து மிக்-29கே வந்தபோது, நம் விமானிகள் அமெரிக்காவுக்குச் சென்று அந்தக் கலையை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை விமானிகளின் அனுபவம் அடுத்த தலைமுறைக்குப் போகாத அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

விராட்டில் ஏறக்கூடிய போர் விமானம் உலகில் ஒன்றே ஒன்று. அதைச் செய்த நாடோ 1990-களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அப்போதே நமக்கு மணி அடித்திருக்க வேண்டும். பயிற்சி விமானங்களையும் சேர்த்து மொத்தம் வாங்கியவை முப்பது. அவற்றில் பாதிக்கும் மேல் விபத்துகளில் போயின. செங்குத்தாக இறங்குவது பார்ப்பதற்கு வித்தை. விமானிக்கோ ஒவ்வொரு முறையும் சோதனை. இறக்கைக்கடியில் காற்றின் பிடி இல்லாமல் எஞ்சினின் உதைப்பை மட்டுமே நம்பி நிற்கும் அந்த நொடிகளில் எஞ்சின் சற்றுத் தடுமாறினாலும் மீள வழி குறைவு. விழுந்ததற்கு ஈடாக இன்னொன்று வாங்க இடமில்லை என்ற நிலையில் ஒவ்வொரு விபத்தும் படைப்பிரிவையே கரைத்தது. உயிரிழந்த விமானிகளைப் பற்றி விழா மேடைகளில் இரண்டு வரிகளுக்கு மேல் பேசப்படுவதில்லை.

2006-ல் பிரிட்டன் தன் சீ ஹாரியர்களை ஓய்வுக்கு அனுப்பியபோது, அவற்றில் சிலவற்றை வாங்க நாம் முயன்றோம். நவீன ரேடாரைக் கழற்றிவிட்டுத்தான் தருவோம் என்ற நிலையில் பேச்சு முறிந்தது. இருப்பவற்றையே மெருகேற்றும் வழி மட்டும் மிஞ்சியது. இஸ்ரேலின் எல்டா ரேடார், கண்ணுக்கெட்டாத தொலைவில் தாக்கும் டெர்பி ஏவுகணை ஆகியவற்றை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் பொருத்தியது. அதைச் செய்தவர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் புதுக் கண் வைத்தாலும் பழைய உடல் பழையதுதான். கடைசி ஆண்டுகளில் 28,000 டன் எடையுள்ள விராட் கப்பல் கையளவு ஜெட் விமானங்களுக்காகக் கடலில் உலவியது. 2016 மார்ச்சில் அவையும் தளத்தை விட்டுப் பறந்துவிட்டன. அடுத்த ஓராண்டு, 2017 மார்ச் 6-ல் கொடி இறக்கப்படும்வரை, விராட்டில் போர் விமானம் என்று எதுவுமே இல்லை.

ஏன் இவ்வளவு இழுபறி? ரஷ்யாவின் அட்மிரல் கோர்ஷ்கோவ் கப்பலைப் புதுப்பித்துத் தரும் ஒப்பந்தம் 2004 ஜனவரியில் கையெழுத்தானது. அதோடு பதினாறு மிக்-29கே விமானங்களும் வாங்கப்பட்டன. கப்பல் வர வேண்டிய ஆண்டு 2008. விக்ரமாதித்யாவாக நம் கடற்படையில் சேர்ந்தது 2013 நவம்பரில். புதுப்பிக்கும் செலவு இரு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த ஐந்தாண்டுத் தாமதத்தின் சுமை முழுவதும் சீ ஹாரியர் தலையிலும் விராட் தலையிலும் விழுந்தது.

இதற்கு நேர்மாறான தவறை பிரிட்டன் செய்தது. 2006-ல் சீ ஹாரியரையும், 2010 டிசம்பரில் எஞ்சிய ஹாரியர்களையும் சிக்கனம் என்ற பெயரில் ஓரங்கட்டியது. அவற்றில் 72-ஐ அமெரிக்க மரைன் படை உதிரி பாகங்களுக்காக வாங்கிக்கொண்டது. புதிய குயின் எலிசபெத் கப்பலில் எஃப்-35 விமானம் இறங்கியது 2018-ல்தான். இடைப்பட்ட எட்டாண்டுகள் அந்நாட்டுக் கடற்படைக்குக் கடலில் ஜெட் விமானமே கிடையாது. அவர்கள் முந்திக்கொண்டு அனுப்பினார்கள், நாம் இழுத்துப் பிடித்தோம். இரு நாட்டிலும் தளம் காலியாகவே கிடந்தது. அமெரிக்கக் கடற்படையோ எஃப்-14 டாம்கேட்டை 2006 செப்டம்பரில் ஓய்வுக்கு அனுப்புவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சூப்பர் ஹார்னெட்டைத் தளத்தில் ஏற்றிவிட்டது. பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று இதை ஒதுக்க வேண்டாம். முன்கூட்டித் திட்டமிடுவதைவிடத் திட்டமிடாமல் இருப்பதற்கே செலவு அதிகம் என்பதற்கு விக்ரமாதித்யாவின் ரசீதே சாட்சி.

மிக்-29கே விஷயத்துக்கு வருவோம். இரு ஒப்பந்தங்களில் மொத்தம் 45 வாங்கினோம். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2016-ல் அளித்த அறிக்கைப்படி, ஒற்றை இருக்கை விமானங்களில் பறக்கத் தயாராக இருந்தவை 16 சதவீதத்திலிருந்து 38 சதவீதத்துக்குள்தான். வாங்கிய 65 எஞ்சின்களில் 40 வடிவமைப்புக் கோளாறுகளால் கழற்றப்பட்டன அல்லது நிராகரிக்கப்பட்டன. 2019 நவம்பர் முதல் 2022 அக்டோபர் வரை மட்டும் நான்கு விமானங்கள் விழுந்தன. இந்த விமானத்தின் ஆயுள் 25 ஆண்டுகள் அல்லது 6,000 மணி நேரம், எது முந்துகிறதோ அது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. முதல் விமானங்கள் 2010 பிப்ரவரியில் படையில் சேர்ந்தன. அப்படியானால் 2035-க்குள் அவை ஒவ்வொன்றாக விடைபெற வேண்டும். ஒரு போர் விமானத்தை உருவாக்கி, சோதித்து, கப்பலில் ஏற்ற நமக்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பதைத் தேஜஸ் காட்டிவிட்டது.

அந்தத் தேஜஸின் கடற்படை வடிவம் கப்பலுக்குப் போதாது, எடை கூடுதல் என்று 2016-ல் கடற்படையே கைவிரித்தது. ஆனாலும் 2020 ஜனவரியில் அது விக்ரமாதித்யாவில் வடத்தைப் பிடித்து இறங்கிக் காட்டியது. அந்த அனுபவத்தின் மேல் கட்டப்பட வேண்டிய இரட்டை எஞ்சின் விமானம் வரைபடத்தைத் தாண்டி வானத்துக்கு வரவில்லை. இதற்கிடையில் 2022-ல் கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் படையில் சேர்ந்தது. இரண்டு கப்பல்களுக்குப் போதிய விமானம் இல்லை என்பதால்தான் 2025 ஏப்ரலில் பிரான்ஸிடம் சுமார் 63,000 கோடி ரூபாய்க்கு 26 ரஃபேல் கடற்படை விமானங்களை வாங்கக் கையெழுத்திட்டோம். அவற்றில் நான்கு பயிற்சிக்கான இரட்டை இருக்கை விமானங்கள். அவை கப்பலில் ஏறாது. ரஃபேலின் இறக்கை மடங்காது. மிக்-29கே-யை மனத்தில் வைத்துக் கட்டிய கப்பலில் அதை ஏற்றி இறக்க வேண்டும். அன்று விமானத்துக்காகக் கப்பலை மாற்றினோம். இன்று கப்பல் ஓர் அளவு, விமானம் ஓர் அளவு என்று நிற்கிறோம். ரஃபேல் தேவைதான், அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அது இடைக்கால ஏற்பாடு. அதையே தீர்வென்று எண்ணி உள்நாட்டு விமானத்துக்கான பணத்தைத் தள்ளிப்போட்டால், 2035-லும் இன்னொரு நாட்டின் கடைவாசலில்தான் நிற்போம்.

ஏவுகணைகளின் காலத்தில் விமானந்தாங்கிக் கப்பலே வீண் என்போருக்கு ஒன்று: அந்த விவாதம் நடக்கட்டும், ஆனால் வைத்திருக்கும் இரண்டு கப்பல்களையும் வெறுங்கையோடு அனுப்புவதற்கு அது காரணமாகாது. ஓய்வுத் தேதியைச் சொன்னால் பகைவருக்குத் தெரிந்துவிடும் என்ற வாதமும் எடுபடாது. எத்தனை வாங்கினோம், எத்தனை விழுந்தன என்பதெல்லாம் உலகறிந்தது. தெரியாமல் இருப்பது நம் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான்.

பாதுகாப்புத் துறை நிலைக்குழு அடுத்து கூடும்போது கடற்படையிடம் கேட்க வேண்டியது இதுதான்: மிக்-29கே எந்த ஆண்டு முதல் விலகும், உள்நாட்டு இரட்டை எஞ்சின் விமானம் எந்த ஆண்டு முதன்முறையாகப் பறக்கும், இரண்டுக்கும் நடுவே எத்தனை ஆண்டு இடைவெளி. பறக்கத் தயாரான விமானங்களின் விகிதம் தணிக்கை அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் ஆண்டுதோறும் நிலைக்குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பல் வேண்டும் என்று கடற்படை பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. அந்தக் கோரிக்கை அமைச்சரவைக்குப் போகும் நாளில், கப்பலின் கோப்பும் அதில் ஏறப்போகும் விமானத்தின் கோப்பும் ஒரே கட்டாகப் போக வேண்டும். விமானத்தின் பெயரோ விலையோ வரும் ஆண்டோ இல்லாத கோப்பை நிதியமைச்சகம் திருப்பி அனுப்பட்டும்.