காத்திருப்போர் பட்டியலில் பிள்ளை, கைகட்டி நிற்கும் நாம்



பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்து, கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாள்களில் நம் சமுதாயத்துப் பெற்றோரிடமிருந்து இரண்டு பேச்சுகளைக் கேட்கிறோம். ஒன்று, "அல்லாஹ் நாடினால் கிடைக்கும்." மற்றொன்று, "யாரைப் பிடித்தால் கிடைக்கும்?" முதல் பேச்சு ஈமானின் சொல்லால் சோம்பலை மூடுகிறது. இரண்டாவது அடுத்தவரின் உரிமையைப் பறிக்க வழி கேட்கிறது. ஒரே வீட்டில், பல வேளைகளில் ஒரே வாயிலிருந்து இரண்டும் வருகின்றன என்பதுதான் வேதனை.

பிள்ளையின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது என்றால் என்ன பொருள் என்பதைக் கேட்டறிந்த பெற்றோர் எத்தனை பேர்? தமிழகத்தில் அந்த வரிசை ஒன்றல்ல. இட ஒதுக்கீட்டின்படி பொதுப் போட்டிக்கு 31 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 என இடங்கள் பிரிகின்றன. ஏனைய பிரிவுகளுக்கும் இவ்வாறே தனித்தனிப் பங்கு உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் நமக்குக் கிடைத்த அந்த 3.5 விழுக்காடு, 60 பேர் பயிலும் வகுப்பில் இரண்டே இடங்கள். நம் பிரிவில் நான்காவதாக நிற்கும் மாணவி, தன் பெயர் இவ்வளவு மேலே இருக்கிறதே என்று மகிழ்வதில் பயனில்லை. பொதுப் போட்டியில் நாற்பதாவதாக நிற்பவன் மனம் ஒடிவதும் அவசரம். எந்தப் பிரிவில் எத்தனையாவது இடம், அப்பிரிவில் மொத்த இடங்கள் எத்தனை, சென்ற ஆண்டு எந்த எண் வரை அழைத்தார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேட்டால், நம்பிக்கை வைக்கலாமா வேண்டாமா என்பது பாதி தெளிந்துவிடும். இதைக் கேட்க எவருடைய சிபாரிசும் வேண்டியதில்லை.

அந்த இரண்டு இடங்களைக்கூட நாமே தவறவிடுகிறோம். அந்த ஒதுக்கீட்டுக்கான அரசுப் பட்டியலில் அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகளே உள்ளன. சான்றிதழில் பிரிவின் பெயர் சரியாக இல்லாவிட்டால் பிள்ளை அந்த வரிசைக்கே வர முடியாது. கலந்தாய்வுக்கு முதல் நாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓடித் திரிவதை எந்தத் தவக்குலில் சேர்ப்பது?

தவக்குல் பற்றி நமக்குக் கற்பிக்கப்பட்டது என்ன? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிமொழியைச் சிறு வயதிலேயே ஓதுகிறோம். சூரா யூசுஃபின் 67ஆம் வசனத்தை நாம் இன்னும் ஆழமாகக் கவனிக்க வேண்டும். மிஸ்ருக்குப் புறப்படும் மக்களை ஒரே வாசலால் நுழையாமல் வெவ்வேறு வாசல்களால் நுழையும்படி யஃகூப் (அலை) அறிவுறுத்துகிறார்கள். அதே மூச்சில், தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது என்றும் சொல்கிறார்கள். பல வாசல்களைத் தேடுவதும் தவக்குல் வைப்பதும் ஒரு நபியின் நாவில் ஒன்றாகவே வந்தன. நாமோ ஒரே கல்லூரியின் ஒரே வாசலில் பிள்ளையை நிறுத்திவிட்டுத் தஸ்பீஹ் உருட்டுகிறோம்.

எனவே கிடைத்த இடத்தில் முதலில் சேருங்கள். சேர்ந்த பின் காத்திருங்கள். பொறியியல் கலந்தாய்வில், ஒதுக்கப்பட்ட இடத்தை ஏற்றுக்கொண்டே, விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடத்துக்குக் காத்திருக்கும் வழியை அரசே வைத்திருக்கிறது. கலை, அறிவியல் கல்லூரிகளில் கட்டிய பணம் போய்விடும் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்க வேண்டும். செயல்முறைச் செலவாக 5 விழுக்காடு, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடித்துக்கொள்ளலாம். நாள் தள்ளத் தள்ளத் திரும்பும் தொகை குறையும். அசல் சான்றிதழ்களைப் பிணையாக வைத்துக்கொள்ளவும் அந்த அறிவிப்பு இடம் தரவில்லை. ஆனால் மேலான இடம் கிடைத்த அன்றே பழைய கல்லூரிக்கு எழுத்தில் விலகல் கொடுத்துவிட வேண்டும். இரண்டு இடங்களைப் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், கீழே காத்திருக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநீதி.

இனி "யாரைப் பிடித்தால்" என்னும் பேச்சுக்கு வருவோம். தமிழகத்தில் நன்கொடை என்ற பெயரில் கல்விக்குக் கட்டாயப் பணம் வாங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மார்க்கம் அதற்கும் முன்பே தடுத்துவிட்டது. லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சபிக்கப்பட்டவர்கள் என்ற ஹதீஸை மிம்பரில் கேட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போதே தரகரின் கைப்பேசி எண்ணைக் கேட்கிறோம். அந்தப் பணம் வருவதும் பெரும்பாலும் வட்டிக் கடையில் அடகு வைத்த நகையிலிருந்து. ஒரு பாவத்தை வாங்க இன்னொரு பாவத்தில் கடன்! "எல்லோரும் கொடுக்கிறார்களே" என்ற பதிலை நாம் ஏற்க மாட்டோம். வரிசையில் நம் பிள்ளைக்கு முன்னால் நிற்பவளுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், அவளும் இரவில் துஆ கேட்கிறாள்.

நம் முன்னோர் கல்லூரிகளைக் கட்டியது எதற்காக? வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. திருச்சியில் ஜமால் முகமதுக் கல்லூரி 1951இலும், மலைக்குக் கீழே உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியாக் கல்லூரி 1956இலும் தொடங்கின. வணிகத்தில் சேர்த்த செல்வத்தைச் சமுதாயத்தின் முன் வைத்தவர்களின் அமானிதங்கள் அவை. அத்தகைய கல்லூரி ஒன்றின் வாசலில், "நம்ம காலேஜ்தானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஜமாஅத் கடிதத்தோடு நிற்கும் நம்மவர், கொடுத்தவர்களின் நிய்யத்தையே கேலி செய்கிறார். ஏழ்மையைச் சான்றளித்து உதவித்தொகை கேட்கும் கடிதம் வேறு. மதிப்பெண்ணில் முந்திய பிள்ளையைத் தள்ளச் சொல்லும் கடிதம் வேறு. பின்னதில் முத்திரை வைக்கும் முத்தவல்லிகள் மறுமையில் அதற்குப் பதில் சொல்லத் தயாராகட்டும்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். மகனின் பெயர் காத்திருப்பில் இருந்தால் ஊர் ஊராக அலைகிறோம். மகளின் பெயர் காத்திருப்பில் இருந்தால் அதையே சாக்காக வைத்து வரன் பார்க்கிறோம். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பட்டப் படிப்புக்கு மட்டுமன்றிப் பட்டயப் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் அது உண்டு. கொடைக்கானலிலேயே 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. நிலக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் அரசு மகளிர் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. இத்தனை வாசல்கள் இருக்க, "இடம் கிடைக்கவில்லை" என்று சொல்லும் தந்தை எத்தனை வாசல்களைத் தட்டினார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டும் தூரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. கொடைக்கானல் மேல்மலையில் போளூர் போன்ற ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு, கலந்தாய்வுக்கு நாளை காலை வரச் சொல்லும் ஒரு குறுஞ்செய்தி என்றால் என்ன என்பதைச் சமவெளியில் இருப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. பேருந்து பிடித்துக் கொடைக்கானல் வர வேண்டும். அங்கிருந்து மலைப்பாதையில் வத்தலக்குண்டுக்கு இறங்கித் திண்டுக்கல் போக வேண்டும். பூண்டு வயலில் வேலை கிடக்கும் நாளில் கூலியையும் விட்டுவிட்டுத் தகப்பன் உடன் வர வேண்டும். அழைத்த நேரத்தில் வராதவரின் இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அங்கே பிள்ளை தோற்பது மதிப்பெண்ணால் அன்று, மலைப்பாதையால்.

வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் உள்ள ஜமாஅத்துகள் சிபாரிசுக் கடிதம் எழுதும் மையை இதற்குச் செலவிடலாமே! கலந்தாய்வு நடக்கும் வாரங்களில் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளையும் பெற்றோரும், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், முதல் நாள் இரவு தங்க ஓர் அறை வேண்டும். விண்ணப்பத்தையும் சான்றிதழையும் சரிபார்க்கத் தெரிந்த ஒரு பட்டதாரி இளைஞர் அங்கே இருக்க வேண்டும். அந்த அறையின் தொலைபேசி எண்ணை மே மாதத்து ஜும்ஆ ஒன்றில் அறிவித்தால் போதும்.