மண்ணை விட்ட கணக்கு

வெப்பம் கூடினால் மரங்கள் செழிக்கும், காடு கூடுதல் கரிமத்தைச் சேமிக்கும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். காலடி மண்ணை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹார்வர்டு காட்டு மண்ணில் மின்கம்பிகளைப் புதைத்து, சுற்றியுள்ள மண்ணைவிட 5 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினார்கள் ஆய்வாளர் ஜெரி மெலிலோ குழுவினர். 1991இல் தொடங்கிய சோதனை அது. 26 ஆண்டுகளில் மேல் 60 சென்டிமீட்டர் மண் இழந்த கரிமம் 17 சதவீதம். இடையில் சில ஆண்டுகள் இழப்பு அடங்கியது. மண் பழகிவிட்டதென்று நினைக்கத் தோன்றும். ஆனால் நுண்ணுயிர்க் கூட்டம் மாறியது, இழப்பு மறுபடி தொடங்கியது.

மண்ணிலுள்ள கரிமப்பொருள் மக்கும்போது வெளிப்படும் நைட்ரஜனால் மரம் ஓரளவு கூடுதலாக வளர்வது உண்மைதான். அந்த வளர்ச்சி மண்ணின் இழப்பை முழுதாக ஈடுகட்டவில்லை.