எல்லையோரச் சிறுதொழிலும் எட்டாத சட்ட உதவியும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே விழுந்த அந்தக் கோடு நிர்வாகத்தைப் பிரித்ததே தவிர, மக்களின் மொழியையும் வணிகத்தையும் பிரிக்கவில்லை. பாலராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் நெசவாளர்களின் ஊரான பாலராமபுரம், இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. இங்கு உற்பத்தியாகும் சரக்கு இரு மாநிலங்களிலும் விற்கப்படுகிறது.

சரக்கை வாங்கியவர் பணம் தர மறுக்கும்போதுதான் எல்லையின் சுமை தெரிகிறது. வாங்கியவர் ஒரு மாநிலத்தில், விற்றவர் மறு மாநிலத்தில். கேரளக் கீழமை நீதிமன்றங்களின் மொழி மலையாளமும் ஆங்கிலமும். மேல்முறையீடு என்றால் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எர்ணாகுளம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு சிறு உற்பத்தியாளருக்கு, வணிகச் சட்டம் அறிந்த, இரு மொழியும் புரிந்த, கட்டுப்படியாகும் கட்டணத்தில் வழக்காடும் வழக்கறிஞர் கிடைப்பது எளிதல்ல.

ஒன்றிய அரசின் கொள்கை இந்தச் சிக்கலைக் கூர்மையாக்கியுள்ளது. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வழக்குகளுக்கே பொருந்தியது. 2018இல் அந்த வரம்பு 3 லட்சமாகக் குறைக்கப்பட்டது. ‘எளிதாகத் தொழில் செய்தல்’ என்ற உலக வங்கிப் பட்டியலில் இடம் உயர வேண்டும் என்பதே அன்றைய ஆட்சியாளர்களின் கவலை. அந்தப் பட்டியலையே, புள்ளிவிவர முறைகேடுகள் வெளிவந்த பின், 2021இல் உலக வங்கி கைவிட்டது. சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. பெருநிறுவனங்களுக்காக வகுக்கப்பட்ட கண்டிப்பான நடைமுறை இன்று 4 லட்சம் ரூபாய் பாக்கிக்காக வழக்குத் தொடுப்பவருக்கும் பொருந்துகிறது. அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்கென்றால், தொடுக்கும் முன்பே சமரச முயற்சி கட்டாயம். ஆவணங்களைத் தொடக்கத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழக்கூடும். தேர்ந்த வழக்கறிஞர் இல்லாதவருக்கு இது விரைவு நீதியன்று, இன்னொரு தடை.

ஆயினும் உழைக்கும் சிறு உற்பத்தியாளருக்குப் பயன்படும் சட்டங்களும் உண்டு. 2006ஆம் ஆண்டின் நுண், சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, சிறு உற்பத்தியாளருக்குரிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் வழங்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்றவரின் இடத்துக்குரிய வசதியாக்க மன்றத்திலேயே முறையிடலாம் என்கிறது 18ஆவது பிரிவு. பாலராமபுரத்துத் துணிக்கான பாக்கிக்குச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் சென்றால், 75 சதவீதத் தொகையை முதலில் செலுத்தியாக வேண்டும்.

இந்த உரிமைக்கும் வரம்பு உண்டு. உத்யம் பதிவு இல்லாதவரின் கோரிக்கை சிக்கலில் மாட்டும். வெறும் வியாபாரிக்கு இப்பாதுகாப்பு கிடையாது. முதலாளியிடம் கூலிக்கு நெய்பவரின் கோரிக்கை இச்சட்டத்தின்கீழ் வராது. அவரது களம் தொழிற்சங்கம்.

காலக்கெடுவும் இரக்கமற்றது. காசோலை திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வழக்கறிஞரைத் தேடுவதிலேயே அந்த 30 நாட்கள் கழிந்தால் அந்தக் காசோலை வழக்கு கைநழுவும். நெசவாளிக்கு அது நூல் வாங்க வைத்திருந்த பணம்; அடுத்த பாவு ஏறாத தறி.

ஆகவே, வழக்கறிஞரைக் கண்டடைவதைத் தனிநபரின் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிட முடியாது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆவது பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே குழித்துறை வழக்கறிஞர் நெய்யாற்றின்கரையிலும் வழக்காடலாம். கூட்டுறவுச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இரு பக்கத்திலிருந்தும் வழக்கறிஞர்களைச் சேர்த்து ஒரு பொதுக் குழுவை அமைக்க வேண்டும். வசதியாக்க மன்றத்தில் வழக்கு நடத்திய அனுபவம் உண்டா, இரு மொழி ஆவணங்களையும் படிப்பாரா, கட்டணத்தை எழுத்தில் தருவாரா என்ற மூன்று கேள்விகளே தேர்வுக்கு அளவுகோல். கட்டணத்தைப் பலர் பகிர்ந்தால் சுமை குறையும். ரசீதையும் ஒப்பந்தத்தையும் எழுத்தில் வைக்கும் பழக்கத்தைக் கிளைத் தோழர்கள் வீடு வீடாகப் பரப்ப வேண்டும்.

அரசுக்கும் கடமை உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. பெண் நெசவாளர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை அளித்தது. அந்த உரிமை நீதிமன்ற வாசலில் நின்றுவிடக் கூடாது. தமிழ் ஆவணங்களை அரசு செலவில் மொழிபெயர்க்கவும், சட்ட உதவி மையங்களில் தமிழறிந்த வழக்கறிஞர்களை அமர்த்தவும் வேண்டும். சிறு உற்பத்தியாளர்களின் வணிக வழக்குகளையும் இலவச உதவியின் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும்.

பெருநிறுவனத்துக்கு அதன் சட்டத்துறை உண்டு. எல்லையோரச் சிறு உற்பத்தியாளருக்கு அவரது சங்கமே சட்டத்துறையாக வேண்டும். அதைக் கட்டும் பணி இயக்கத்தின் அன்றாட வேலைகளில் ஒன்றாகட்டும்.