கொக்காவிலிலிருந்து நெடுந்தீவுக்கு எத்தனை கிலோவாற்?

தரைவழித் தொலைக்காட்சி அனலொக்கிலிருந்து டிஜிற்றலுக்கு மாறும்போது ஒளிபரப்பிகளின் வலு குறைக்கப்படும் என்று சொன்னால், வடக்கில் கேட்பவர் முதலில் சந்தேகப்படுவார். எங்களுக்குக் குறைத்துத் தரப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. ஆனால் இந்தக் குறைப்பு தன்னளவில் அநியாயமல்ல.

லண்டனின் கிறிஸ்டல் பலஸ் கோபுரம் அனலொக்கில் 1,000 கிலோவாற் வலுவில் இயங்கியது. 2012 ஏப்ரலில் அனலொக் நிறுத்தப்பட்டபின் அங்கே டிஜிற்றலின் வலு 200 கிலோவாற். ஐந்தில் ஒன்று. அனலொக்கில் சொல்லப்படுவது உச்ச வலு. டிஜிற்றலில் சொல்லப்படுவது சராசரி. அதோடு இரைச்சலுக்கு நடுவிலும் டிஜிற்றல் குறைந்த சமிக்ஞையோடு சமாளிக்கும். ஆகவே எண் சிறுத்ததற்காக யாரும் கலங்க வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. அதே கோபுரம் மாற்றத்துக்கு முன்னர் டிஜிற்றலை வெறும் 20 கிலோவாற்றில்தான் அனுப்பியது, அனலொக்குக்கு இடையூறு கூடாதென்பதற்காக. இரண்டும் சேர்ந்தோடும் இடைக்காலம் இழுபட்டால், எல்லையில் இருப்பவர்களே காய்வார்கள். இலங்கை ஜப்பானிய ஐ.எஸ்.டி.பி-ரி முறையைத் தெரிவுசெய்தது 2014இல். பத்தாண்டுகளுக்குமேல் கடந்தும் அனலொக் போகவில்லை. பொருளாதார நெருக்கடியில் முடங்கிய ஜப்பானியக் கடனுதவித் திட்டங்கள் 2024இல்தான் மீண்டும் அசையத் தொடங்கின.

இரண்டாவது, டிஜிற்றலுக்கு மங்கல் என்பதே கிடையாது. அனலொக்கில் படம் புள்ளிபுள்ளியாகப் போனாலும் குரல் கேட்கும், ஆளை மட்டுக்கட்டலாம். கூரையில் ஒருவர் அன்ரனாவைத் திருப்ப, கீழே ஒருவர் "இப்ப வருது, இப்ப போகுது" என்று கத்திய வீடுகள் எத்தனை! டிஜிற்றலில் சமிக்ஞை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் படம் கட்டங்கட்டமாக உறைந்து, பிறகு கறுப்புத் திரைதான்.

இனி எங்கள் நிலத்தைப் பார்ப்போம். கொக்காவில் ஒளிபரப்பு நிலையம் 1990இல் போரில் அழிந்தது. 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். அந்த உயரத்திலிருந்து, சாதாரண வீட்டு அன்ரனாவுக்குச் சமிக்ஞை தடையின்றிப் போகும் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பருத்தித்துறை 70 கிலோமீற்றரளவில் விளிம்பில் நிற்கிறது. நெடுந்தீவு 85ஐயும் தாண்டுகிறது. நெடுந்தீவுக்கு இராமேஸ்வரம் கிட்ட, ஐம்பது கிலோமீற்றர் வராது. அங்குள்ள தூர்தர்ஷன் கோபுரம் 323 மீற்றர் உயரம். ஒரு காலத்தில் குடாநாட்டு அன்ரனாக்கள் தமிழகத்தைப் பார்த்து நின்றதில் அரசியலைத் தேடியவர்கள் இந்தத் தூரக் கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கலாம்.

அந்த வழியும் அடைபடுகிறது. இந்தியா தன் அனலொக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. டிஜிற்றலில் அது எடுத்திருப்பது ஐரோப்பிய டி.வி.பி-ரி2 முறை. எங்கள் ஜப்பானிய முறைக்கான பெட்டி அதைப் படிக்காது. பாக்குநீரிணையின் இரு கரைகளும் இனி அன்ரனாவிலும் ஒன்றையொன்று பாராது.

டிஷ் இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மாதக் கட்டணம் கட்டக்கூடியவர்களுக்கு இருக்கிறது. மீள்குடியேறி, கடலையோ கூலியையோ நம்பி வாழும் வீட்டுக்கு, அதுவும் ஒரு பெண் தனித்துச் சுமக்கும் வீட்டுக்கு, அந்தக் காசு சிறிதல்ல. ஜப்பானிய முறையின் பெருமையாகச் சொல்லப்படுவது அவசர எச்சரிக்கை வசதி. அதற்கேற்ற தொலைக்காட்சியைத் தானாகவே இயங்கவைத்து எச்சரிக்கும். 2004இல் சுனாமி அள்ளிய வடமராட்சி கிழக்குக்கு அதைவிடத் தேவையானது வேறென்ன? ஆனால் எச்சரிக்கையும் அதே சமிக்ஞையில்தான் வரவேண்டும்.

ஆகவே, கொக்காவிலுக்கு எத்தனை கிலோவாற் என்று மட்டும் கேட்டுவிட்டு இருக்க முடியாது. குடாநாட்டுக்குள்ளும் தீவுகளிலும் சிறிய துணை ஒளிபரப்பிகள் எங்கே நிறுத்தப்படும்? ஒரே அலைவரிசையில் பல ஒளிபரப்பிகளை இயக்க இந்த முறை இடம் தருகிறது. தொழில்நுட்பத் தடை என்று யாரும் கைவிரிக்க முடியாது. அனலொக்கை நிறுத்துவதற்கு முன்னர் மருதங்கேணியிலும் பருத்தித்துறையிலும் தீவகத்திலும் சமிக்ஞை அளக்கப்பட்டு, அந்த எண்கள் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். அளக்க வருபவர்கள் குறிகாட்டுவான் இறங்குதுறையோடு திரும்பிவிடாமல் படகேறி நெடுந்தீவுக்கும் போகவேண்டும்.