'அப்பா என்ன பண்றாரு?' - இன்டர்வியூவில் இந்தக் கேள்வி எதுக்குங்க?

செங்கோட்டையில் சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்களில், சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளை ஈஸியா கண்டுபிடிச்சிடலாம். மடியில் ஒரு ஃபைல், பையில் கசங்காமல் மடித்த ஒரு சட்டை. ராத்திரி முழுக்கப் பயணம் பண்ணிப் போய் உட்கார்ந்தால் பத்தே நிமிஷம். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்', 'எந்த ஊரு?', 'அப்பா என்ன பண்றாரு?', 'சரி, ஃபோன் பண்றோம்.'

இன்டர்வியூவுக்கு எப்படிப் போகணும்னு ஆயிரம் பேர் டிப்ஸ் சொல்கிறார்கள். எப்படி எடுக்கணும்னு யாரும் சொல்வதில்லை. எனவே இது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு. ஐ.டி கம்பெனி மேனேஜரோ, தென்காசியில் ஜவுளிக்கடை முதலாளியோ, யாராக இருந்தாலும் சரி.

முதலில் அந்த 'எந்த ஊரு, எந்தத் தெரு' கேள்வி. நம்ம பக்கத்தில் தெருப் பெயரைக் கேட்டால் என்ன தெரிந்துவிடும் என்று உங்களுக்கும் தெரியும், பதில் சொல்கிற பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் யதார்த்தமாகக் கேட்டிருக்கலாம். ஆனால், அந்த நொடியில் அந்தப் பிள்ளையின் குரல் இறங்கிவிடும். பெண்களிடம் கேட்கப்படும் 'கல்யாணம் எப்போ?' கேள்வியும் இதே ரகம்தான்.

இந்தக் கேள்விகள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கின்றன. ஶ்ரீநகர் ரீஜனல் இன்ஜினீயரிங் காலேஜில் எழுத்துத் தேர்வுக்கு 100 மார்க், இன்டர்வியூவுக்கு 50 மார்க் என்று வைத்து சீட் கொடுத்தார்கள். இன்டர்வியூ நடந்ததோ ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிஷம். கேட்டது பெற்றோர் யார், வீடு எங்கே என்பது மாதிரியான கேள்விகள். 1980-ல் வந்த அஜய் ஹாசியா வழக்கின் தீர்ப்பு இதைக் கண்டித்ததோடு, இன்டர்வியூவை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அது காலேஜ் சீட் விவகாரம்தான். ஆனால், வேலைக்கு ஆள் எடுக்கும் எத்தனை பேர் தங்கள் கேள்விகளைப் பதிவு செய்து திரும்பக் கேட்கத் துணிவார்கள்?

மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு இன்டர்வியூவையே எடுத்துவிட்டது. டி.என்.பி.எஸ்.சி-யும் குரூப் 2-ல் அதைக் கைவிட்டது. தனியாருக்கு அது சரிப்படாது. ஆளைப் பார்த்துப் பேசாமல் எப்படி எடுப்பது? நியாயம்தான். ஆனால், பேச்சை மட்டும் பார்க்காமல் கொஞ்சம் வேலையையும் பாருங்கள். கணக்காளர் வேண்டுமா? 20 பில்லைக் கையில் கொடுத்து என்ட்ரி போடச் சொல்லுங்கள். சேல்ஸுக்கா? புடவையை எடுத்துக் கொடுத்து, நீங்களே கஸ்டமராக உட்காருங்கள். கேரளா கஸ்டமர் நிறைய வருகிற கடை என்றால், செங்கோட்டைப் பிள்ளையிடம் மலையாளம் வருமான்னு கேளுங்கள். இங்கிலீஷில் திக்குகிறவர் அதில் வெளுத்து வாங்கலாம்!

செங்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மத்தளம்பாறை இருக்கிறது. 2011-ல் தென்காசிப் பக்கம் வந்த ஸோஹோவின் அலுவலகம் அங்கேதான். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைப் பட்டம் கேட்காமல் எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருவது அவர்கள் வழி. எல்லோராலும் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. ஆனால், 'இவருக்கு இன்று என்ன தெரியும்' என்பதோடு 'மூணு மாசத்தில் எதைக் கத்துக்குவார்' என்றும் பார்க்கலாம் இல்லையா? புதுசா ஒன்றை ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுத்து, செய்யச் சொல்லிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மார்க் போட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 'எப்படி இருக்கான்?' என்று கேட்பதெல்லாம் அப்புறம். இப்படி எழுதி வைத்து நடத்தும் இன்டர்வியூதான் ஆளைக் கணிப்பதில் மேல் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. 'பார்த்தவுடனே ஆளை எடை போட்டுடுவேன்' என்கிற அண்ணாச்சிகளுக்கு இது கசக்கும். அவர்கள் எடை போட்டுத் தவறவிட்ட ஆட்கள் திரும்பி வந்து கணக்குக் காட்டப்போவதில்லையே!

அப்புறம் அந்த 'ஃபோன் பண்றோம்.' எடுக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். அங்கே ஒரு பிள்ளை, டவர் கிடைக்காதோ என்று பயந்து, குற்றாலம் அருவிக்குக்கூடப் போகாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.