மாண்டிசோரி பொம்மையா? கராஜ்ல தேடுங்க

சன்னிவேல்ல எங்க வீட்டுக்கு வர்ற ஃப்ரெண்ட்ஸ் கேக்கறது ஒண்ணுதான்: "பாப்பாவுக்கு இன்னும் மாண்டிசோரி பொம்மை வாங்கலையா?" வாங்கலை. வாங்கவும் மாட்டேன். அமெரிக்காவுல அந்தப் பேரு யாருக்கும் சொந்தமில்லை. வெளிர் மரத்துல எதைச் செஞ்சாலும் ஒட்டி விலையை ஏத்திடலாம்.

மரியா மாண்டிசோரி 1939-ல சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஊத்தறது, துடைக்கறது, மடிக்கறது எல்லாமே அவர் முறையில பாடம். அதையும் நிஜச் சாமானை வெச்சுச் செய்யணும். அதுக்கு டபரா டம்ளரை விட்டா வேற என்ன வேணும்? விளிம்பு வெளியே வளைஞ்சிருக்கு, சின்ன விரலுக்குப் பிடி கிடைக்குது, விழுந்தா உடையாது. என் ரெண்டு வயசுப் பொண்ணு அதுல தண்ணியை மாத்தி மாத்தி ஊத்தறா. (பாதி தரையில. போகட்டும்.)

சார்ல்ஸ், ரே ஈம்ஸ்னு ரெண்டு அமெரிக்க வடிவமைப்பாளர்கள் 1958-ல இந்திய அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தாங்க. இந்தியாவுல பார்த்த பொருள்கள்லயே உயர்ந்தது, அழகானதுன்னு அதுல அவங்க கொண்டாடினது லோட்டாவை. நம்ம சொம்பைத்தான்! அகமதாபாத்துல தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்ததே அந்த அறிக்கையாலதான்.

உங்க அம்மா ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்த சொம்பு எங்க? கராஜ்ல, அட்டைப்பெட்டிக்குள்ள. ஹால்ல வெச்சா 'லுக்' போயிடுமாம். அதை ஒளிச்சு வெச்சிட்டு, குழந்தைக்குத் தமிழ் வரலைன்னு வேற புலம்பறோம்.